ஃப்ரீஸ்டைலில் தலையை எங்கே வைப்பது?

ஃப்ரீஸ்டைலில், அதாவது குப்புறக் கிடந்து கைகளை மாற்றி மாற்றிச் சுழற்றும் நீச்சலில், கையை எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் வேகம் கூடவில்லையா? முதலில் தலையைக் கவனியுங்கள். நுரையீரலில் காற்று இருப்பதால் நெஞ்சு மிதக்கும். கால் பக்கம் எப்போதும் தாழவே பார்க்கும். இந்த நிலையில் தலையையும் தூக்கினால் இடுப்பு இன்னும் கீழே போய், தண்ணீரில் மோதும் பரப்பு பெருகிவிடும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதனால் தெம்பைக் கூட்டுவதைவிட எதிர்ப்பைக் குறைப்பதில்தான் லாபம்.

படி 1: சுவரை உதைத்து, கைகளை நீட்டி, கால் அடிக்காமல் வழுக்கிச் செல்லுங்கள். ஒருமுறை முன்னால் பார்த்தபடி, ஒருமுறை தரையைப் பார்த்தபடி. எதில் அதிக தூரம் போகிறீர்கள் என்பது உடனே தெரியும்.

படி 2: குளத்தின் தரையில் உள்ள கறுப்புக் கோட்டில் பார்வையை வையுங்கள். நேர் கீழே, அல்லது சற்றே முன்னால். பிடரி தளர்வாக இருக்கட்டும். முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

படி 3: மூச்சு. எல்லாம் கெடுவது இங்கேதான். காற்று வேண்டும் என்றதும் தலை தானாக மேலே எழும், அந்தக் கணமே கால் தாழும். தூக்கத் தேவையே இல்லை. நீந்தும்போது தலைக்கு முன்னால் சிறு அலை எழுகிறது. அதன் பின்னே, வாய்க்குப் பக்கத்தில், தண்ணீர் மட்டம் பள்ளமாக இருக்கும். தோளும் இடுப்பும் புரளும்போது முகமும் கூடவே திரும்பினால் வாய் அந்தப் பள்ளத்தில் இருக்கும். ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும். முகம் உள்ளே இருக்கும்போதே மூச்சை விட்டுவிடுங்கள். திரும்பியதும் இழுக்க மட்டும்தான் நேரம் உண்டு. முன்னால் நீட்டிய கையைக் கவனியுங்கள். அதைக் கீழே அழுத்தினால், நீங்கள் இன்னும் தலையைத் தூக்குகிறீர்கள் என்று பொருள். அப்புறம், மறு கை தண்ணீரில் நுழைவதற்குள் முகம் கீழே திரும்பிவிட வேண்டும்.

கருவிகளில் என் ஓட்டு முகத்துக்கு நடுவே நிற்கும் ஸ்நார்க்கலுக்கு, அதாவது முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே வாயால் மூச்சு விட உதவும் குழாய்க்கு. மூச்சுக் கவலையில்லாமல் படி 2ஐப் பழகலாம். கையில் பிடித்துக்கொள்ளும் மிதவைப் பலகையான கிக் போர்டைப் பிடித்தால் தலை நிமிர்ந்துகொள்ளும், அதனால் இந்தப் பயிற்சிக்கு வேண்டாம். தொடைகளுக்கு நடுவே வைக்கும் மிதவையான புல் பாய் (pull buoy) காலைத் தூக்கிப் பிடித்து, குறையையே மறைத்துவிடும்.

பிற்சேர்க்கை: ஸ்நார்க்கலில் மூக்கில் தண்ணீர் ஏறுகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். மூக்கு வழியாக மெல்லக் காற்றை விட்டபடியே இருங்கள். பழகும்வரை மூக்குக் கிளிப் போட்டாலும் சரி. கடலில் வழி பார்க்க, முதலையைப் போலக் கண் மட்டும் வெளியே வந்தால் போதும். பார்த்ததும் பக்கவாட்டில் திரும்பி மூச்சை எடுங்கள்.