கிட்டே வராத பூனைக்குச் சாப்பாடு வைப்பது எப்படி?

எங்கள் குடியிருப்பின் மோட்டார் அறைக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறப் பூனை இருக்கிறது. முதன்முதலில் அதைப் பார்த்தபோது எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். குனிந்து, கையை நீட்டி, "ப்ஸ் ப்ஸ்" என்று கூப்பிட்டபடியே நெருங்கினேன். ஒரே தாவலில் மதில் ஏறிப் போய்விட்டது. பத்து நாள் கண்ணிலேயே படவில்லை. இன்று அதே பூனை தட்டுத் தரையில் படும் ஓசைக்கு வந்து, என் காலிலிருந்து ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய மூன்று மாதம். அதில் கற்றதையும் கெடுத்துக்கொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. தெருவில் திரியும் பூனைகள் எல்லாம் ஒரே ரகம் கிடையாது. யாரோ வளர்த்துக் கைவிட்ட பூனை நாலு நாளில் காலை உரச வந்துவிடும். மனிதக் கை படாமல் வளர்ந்த பூனை வேறு. குட்டி மனிதரோடு பழகும் பருவம் பிறந்த 2-ஆவது வாரத்தில் தொடங்கி 7-ஆவது வாரத்தில், மிஞ்சினால் 9-ஆவது வாரத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குள் மனிதரை நெருங்கிப் பார்க்காத குட்டி, வளர்ந்த பிறகு உங்களைப் பொறுத்துக்கொள்ளக் கற்கும். மடியில் வந்து படுக்குமா என்றால், பெரும்பாலும் படுக்காது. அந்த ஆசையோடு மட்டும் இதில் இறங்குகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

முதல் படி: மூன்று நாள் சும்மா பாருங்கள்

சாப்பாடு எதுவும் வேண்டாம். பூனை எந்த நேரத்துக்கு வருகிறது, எந்தச் சந்து வழியாக வருகிறது, பயந்தால் எங்கே ஓடுகிறது என்று மட்டும் பாருங்கள். விடியற்காலையும் பொழுது சாயும் நேரமும்தான் பூனைகள் அதிகம் நடமாடும் வேளைகள். எங்கள் பூனை மாலை ஆறரைக்கு, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்ற பிறகுதான் வெளியே வரும்.

பார்க்கும்போதே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒரு காதின் நுனி நேர்கோடாக வெட்டப்பட்டிருந்தால், அதற்கு ஏற்கெனவே கருத்தடை அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டது என்று பொருள். மயக்கத்தில் இருக்கும்போது அடையாளத்துக்காக வெட்டிவிடுவார்கள். பெட்டைப் பூனையாக இருந்து, வயிற்றில் காம்புகள் தடித்துச் சுற்றிலும் முடி உதிர்ந்திருந்தால், பக்கத்தில் எங்கோ குட்டிகள் இருக்கின்றன. இந்த இரண்டும் கடைசிப் படியில் தேவைப்படும்.

இரண்டாம் படி: இடம்

முதுகுக்குப் பின்னால் சுவர், இரண்டு பக்கமும் ஓட வழி. இப்படி ஓர் இடம் கிடைத்தால் போதும். மூலை வேண்டாம். சாப்பிடத் தலையைக் குனியும்போது தப்பிக்க வழி தெரியாவிட்டால் எவ்வளவு பசித்தாலும் பூனை வாய் வைக்காது. கார், ஸ்கூட்டர் அடியில் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வண்டிக்கு அடியில் சாப்பாடு கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட பூனைக்கு, வண்டி கிளம்பும் நேரம் தெரியாது.

குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள், உணவு வைக்கும் இடம் மாடிப்படி, நுழைவாயில், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. அக்கம்பக்கத்துச் சண்டையில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி எறும்பும் காக்கையும். எறும்புக்கு நம் வீட்டுச் சமையலறை வித்தையே போதும்: அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் கிண்ணத்தை வையுங்கள். காக்கைக்கு மருந்து நேரம்தான். இருட்டத் தொடங்கியதும் வைத்தால் அவை கூட்டுக்குப் போயிருக்கும். நாய்கள் வரும் இடமென்றால் மதில் மேல், பூனைக்கு எட்டும் நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்து, இடத்தைக் கழுவிவிட வேண்டும். இதைச் செய்யாமல் பக்கத்து வீட்டுக்காரரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

மூன்றாம் படி: தட்டில் என்ன?

இங்கேதான் நல்ல மனமுள்ளவர்களே அதிகம் தவறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பால் வேண்டாம். பூனை என்றதும் பால் கிண்ணம் நினைவுக்கு வருவது நம் ஊரில் எத்தனையோ தலைமுறைப் பழக்கம், மாற்றுவது கஷ்டம். தாய்ப்பால் மறந்த பிறகு பெரும்பாலான பூனைகளுக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துவிடுகிறது. ஆசையாகக் குடிக்கும்; பிறகு வயிற்றால் போகும். தெருவில் இருக்கும் குட்டிக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்குகூட ஆபத்து. நல்ல தண்ணீர் வையுங்கள், அதையும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து இரண்டடி தள்ளி. சித்திரை, வைகாசியில் சாப்பாட்டை விடத் தண்ணீர்தான் பெரிய உதவி.

மாடி வீட்டு மாமி தயிர்சாதம் வைக்கிறார். எங்கள் பூனை அதையும் நக்கித்தான் வைக்கிறது. பசி என்றால் எதுவும் உள்ளே போகும். ஆனால் பூனை முழுக்க முழுக்க ஊனுண்ணி. டாரின் என்ற சத்தை அதன் உடல் தேவையான அளவுக்குத் தானே செய்துகொள்ள முடியாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்தான் பெற வேண்டும். நெடுநாள் கிடைக்காவிட்டால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயத் தசை தளரும். சோறு வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். நாய் உணவைப் பூனைக்குத் தொடர்ந்து வைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். பூனை உணவில் டாரினைச் சேர்க்கிறார்கள், நாய் உணவில் அது போதிய அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது.

செலவு குறைந்த வழி மீன். மீன்காரம்மாவிடம் சொல்லி வைத்தால் தலையும் வாலும் கிடைக்கும். உப்பு, மஞ்சள், மிளகாய் எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து, பெரிய முள்ளை எடுத்துவிட்டு, வெந்த தண்ணீரோடு வையுங்கள். அந்த வாசனைதான் பூனைக்கு நீங்கள் அனுப்பும் அழைப்பு. பச்சையாகவே வைக்கலாமே என்று கேட்பார்கள். சில மீன்களில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி இருக்கிறது. வேகவைத்தால் அது அழிந்துவிடும். மீன் கிடைக்காத நாளில் வேகவைத்த கோழி, வேகவைத்த முட்டை. வெந்த கோழி எலும்பு மட்டும் கூடாது. ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும்.

நேற்றைய மீன் குழம்பில் மிஞ்சிய துண்டைக் கழுவி வைக்கலாமா? கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. அவற்றின் சாறு ஊறிய மீனை எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. கருவாடு வாசனையில் பூனை பறந்து வரும் என்பது உண்மைதான். அதிலுள்ள உப்பை நினைத்து நான் வைப்பதில்லை.

கடையில் வாங்கும் உலர் உணவு என்றால், மூன்று நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 கிராம் போதும். மழை நாளில் ஊறிப் பூஞ்சை பிடிக்கும், கவனம்.

பூனை சோர்ந்து கிடக்கிறது, காய்ச்சல்போல, என்று பாராசிட்டமாலைப் பொடித்துச் சாப்பாட்டில் கலந்துவிடாதீர்கள். மனிதர் போடும் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

நான்காம் படி: வைத்துவிட்டுப் போய்விடுங்கள்

அதே நேரம், அதே இடம், அதே தட்டு. வைக்கும்போது இரண்டு முறை தட்டைத் தரையில் தட்டுங்கள். பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விடுங்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதும் வேண்டாம். நான் பார்த்தேன், பூனையும் என்னைப் பார்த்தது, அன்று தட்டு அப்படியே இருந்தது.

ஒரு வாரம், பத்து நாள் இப்படியே போகட்டும். உங்கள் உருவத்துக்கு முன்னால் உங்கள் ஒழுங்கு அதற்குப் பழகட்டும். ஒரு நாள் ஏழு மணிக்கு, மறுநாள் ஒன்பதுக்கு, அதற்கு மறுநாள் மறதி என்றால் இந்தப் படி முடியவே முடியாது.

ஐந்தாம் படி: உட்காருவது

இப்போது தட்டை வைத்துவிட்டு இருபதடி தள்ளி உட்காருங்கள். நிற்பதைவிட உட்காருவது நல்லது. நின்றால் நாம் மலைபோலத் தெரிவோம். பூனைக்கு நேராக உட்காராமல் பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். முறைத்துப் பார்க்க வேண்டாம். பூனை மொழியில் அது சண்டைக்குக் கூப்பிடுவது. நான் பழைய வார இதழ் ஒன்றை எடுத்துப்போய் உண்மையாகவே படித்தேன். தொலைபேசி வெளிச்சம் இருட்டில் அதைக் கலைத்தது.

பூனை உங்களைப் பார்க்கும்போது கண்ணை மெதுவாகப் பாதி மூடித் திறந்து, பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று கேட்ட பழமொழிக்காரர் பூனையைச் சரியாகப் பார்க்கவில்லை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் மெதுவாகக் கண் சிமிட்டினால் பூனைகளும் கண்ணைச் சுருக்கிப் பதில் தருகின்றன என்றும், அறிமுகமில்லாதவர் அப்படிச் சிமிட்டிவிட்டுக் கை நீட்டினால் நெருங்கி வர அதிகம் விரும்புகின்றன என்றும் கண்டார்கள். எங்கள் பூனை பதினெட்டாவது நாள் பதிலுக்குச் சிமிட்டியது. அன்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஓரடி நெருங்குங்கள். நகர வேண்டியது நீங்களே. தட்டு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பூனை சாப்பிடுவதை நிறுத்தித் தலை தூக்கினால், காதுகள் பக்கவாட்டில் மடங்கினால், உடல் தரையோடு ஒட்டினால், அந்த ஓரடி அதிகம். பின்னால் போய்விடுங்கள். சீறினால் கோபம் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அது பயம்தான், கிட்டே வராதே என்ற கெஞ்சல். வாலைச் செங்குத்தாகத் தூக்கி, நுனியை லேசாக வளைத்துக்கொண்டு வந்தால் நல்ல செய்தி.

பெரிய கடுவன் பூனை ஒன்று நடுவில் புகுந்து விரட்டினால், இன்னொரு தட்டைச் சற்றுத் தள்ளி, அதன் கண்ணுக்கு மறைவாக வையுங்கள். வேறு தந்திரம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆறாம் படி: கை

நாற்பதாவது நாள், கைக்கெட்டும் தூரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பூனையின் முதுகை மேலிருந்து தடவினேன். மணிக்கட்டில் மூன்று கோடு. பூனை ஒரு வாரம் வரவில்லை. வந்தபோது மறுபடி இருபதடியிலிருந்து தொடங்கினோம்.

ஆகவே, சாப்பிடும் பூனையைத் தொடாதீர்கள். மேலிருந்து கை இறங்குவது அதற்குப் பருந்து இறங்குவது மாதிரி. சாப்பிட்டு முடித்து, முகம் துடைத்து, தானாக உங்களை நோக்கி வந்தால், ஒரு விரலை மட்டும் அதன் மூக்கு உயரத்தில் அசையாமல் நீட்டுங்கள். முகர்ந்து, கன்னத்தை உரசினால் அனுமதி. முகர்ந்துவிட்டுப் போய்விட்டால் அதுவும் பதில்தான். வயிற்றையும் வாலையும் மறந்துவிடுங்கள்.

கீறலோ கடியோ பட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துப் பதினைந்து. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பூனையாலும் வெறிநோய் வரும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். எனக்கு முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள் என்று நான்கு முறை போட்டார்கள். ஒரு தடவலுக்கு நான்கு நாள் வரிசை.

ஏழாம் படி: கூண்டு

சாப்பாடு வைக்கத் தொடங்கிவிட்டால், காது நுனி வெட்டப்படாத பூனைக்குக் கருத்தடையும் செய்துதான் ஆக வேண்டும் என்பது என் கட்சி. பெட்டைக்குட்டி நாலைந்து மாதத்திலேயே சினைப்படலாம். சினைக்காலம் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிப்பதும் உண்டு. நன்றாகச் சாப்பிடும் பூனை நன்றாகக் குட்டியும் போடும். ஒரு தட்டு ஆறு தட்டாவதற்கு ஓராண்டு தேவையில்லை.

கையால் பிடிக்க முடியாத பூனைக்கு, உள்ளே போனதும் கதவு தானாக விழும் கூண்டுதான் வழி. கதவைத் திறந்தபடியே கட்டிவைத்து, நாலைந்து நாள் அதற்குள்ளேயே தட்டை வையுங்கள். பழகிய பிறகு ஒரு நாள் கட்டை அவிழ்த்துவிடுங்கள். கதவு விழுந்ததும் பூனை தலையால் மோதும். உடனே கனத்த துணியைக் கூண்டின் மேல் போர்த்துங்கள், இருட்டில் அடங்கிவிடும். எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும், அறுவைக்குப் பின் எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, புளூ கிராஸ் போன்ற விலங்கு நல அமைப்புகளிடமோ விசாரிக்கலாம். காம்பு தடித்த தாய்ப்பூனையாக இருந்தால் குட்டிகள் பால் மறக்கும்வரை பொறுத்திருங்கள். அதைக் கூண்டில் ஏற்றிவிட்டால் எங்கோ ஓர் ஓட்டுக்கடியில் நாலு குட்டிகள் பட்டினி கிடக்கும்.

ஊருக்குப் போகும்போது

போவதற்கு முன் இரட்டிப்பாக வைத்துவிட்டுப் போவதில் பயனில்லை. அன்றிரவே எறும்பு தின்றுவிடும். உங்கள் தட்டையும் நேரத்தையும் ஒருவரிடம் ஒப்படையுங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எங்கள் காவலாளி அண்ணனிடம் ஐந்து நாள் ஒப்படைத்தேன். தட்டைத் தரையில் இரண்டு முறை தட்டி வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். திரும்பி வந்ததும் கேட்டேன்.

"நீங்கள் சொன்ன பூனையை நான் பார்க்கவே இல்லை சார்," என்றார். "தட்டு மட்டும் தினமும் காலியாக இருந்தது."