ரேகன்ஸ்பூர்க்கில் ஒன்றரை நாள்: தபால் பிரித்தவன் போட்ட திட்டம்

மதுரைக்கு வரும் வெளியூர் உறவினர்களில் பாதிப் பேர் சரியாகப் பகல் ஒரு மணிக்கு மீனாட்சியம்மன் கோயில் வாசலில் வந்து நிற்பார்கள். நடை சாத்தியிருக்கும். மாலை வரை வெயிலில் சித்திரை வீதியைச் சுற்றிவிட்டு, ஜிகர்தண்டா குடித்துவிட்டு, ஊரைக் குறை சொல்லிக்கொண்டே பஸ் ஏறுவார்கள். ஜெர்மனிக்குப் போகும்போது அந்த உறவினர் நாம்தான்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் மதுரை ஜங்ஷன் ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில் நிலையத்துத் தபால் பிரிப்பு அலுவலகத்தில், தபால் பிரித்தவன். அங்கே பழகிய ஒரே விதியை வைத்துத்தான் இந்தப் பயணத்தையும் பிரித்தேன். முதலில் புறப்படும் வண்டிக்கான பையை முதலில் கட்ட வேண்டும். நேரம் தவறினால் போய்விடுகிறவை ஒரு பக்கம், எப்போதும் இருப்பவை இன்னொரு பக்கம். ஒரு தாளை நடுவில் மடித்து இரண்டு பத்தியாக எழுதுங்கள். அதற்கு மேல் திட்டம் தேவையில்லை.

என் மகள் மியூனிக்கில் இருக்கிறாள். எல்லோரும் மலைமேல் இருக்கும் அரண்மனைக்குப் போகச் சொன்னார்கள். நான் அதே பவேரியா மாநிலத்தில் டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் பழைய ஊரான ரேகன்ஸ்பூர்க் என்றேன். காரணம் தபால். ஐரோப்பாவில், அன்றைய ஜெர்மன் நாடுகளை ஆண்ட புனித ரோமப் பேரரசரின் தபாலைத் தலைமுறை தலைமுறையாக நடத்திய தூர்ன் உண்ட் டாக்சிஸ் குடும்பம் 1748-ல் இந்த ஊருக்குக் குடிவந்தது. பிறகு தபால் உரிமையை பவேரிய அரசு எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக 1812-ல் செயின்ட் எம்மெராம் என்ற பெரிய மடத்தையே எழுதிக் கொடுத்தது. அதுதான் இன்றும் அவர்கள் அரண்மனை. எனக்குப் பணி ஓய்வின்போது ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். “தபால் ஆபீஸ் பார்க்கவா இவ்வளவு தூரம்?” என்றாள் என் மனைவி. குறுகிய பயணத்துக்கு இப்படி ஒரு சொந்தக் காரணம் இருப்பது நல்லது. எதை விடலாம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

விசா வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாளுக்கும் குறைவாக இருந்தால் ஏற்க மாட்டார்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். விரல் ரேகை கொடுக்க நாங்கள் சென்னைக்குப் போனோம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். வேலை முடிந்து மறுநாள் காலை மதுரையில் காபி குடிக்கலாம்.

மே இறுதி அல்லது ஜூன் மாதம் போங்கள். இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், அதாவது ஒன்றரை நாள் இரண்டு நாளாகிவிடும். மியூனிக்கிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். பையர்ன் டிக்கெட் என்று ஒன்று விற்கிறார்கள். ஒரு டிக்கெட்டில் ஐந்து பேர் வரை, பவேரியா முழுவதும், சாதாரண ரயில்களில் நாள் முழுக்கச் சுற்றலாம். அதிவேக ரயிலில் செல்லாது. டிக்கெட்டில் பெயர் எழுத வேண்டும். வார நாட்களில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் செல்லும். இது தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமை எட்டரை மணி வண்டிக்கு டிக்கெட்டும் கையுமாகப் பிளாட்பாரத்தில் நின்றேன். வாழ்நாள் முழுவதும் ரயிலோடு குப்பை கொட்டியவன், டிக்கெட்டில் அச்சிட்டிருந்ததைப் படிக்கவில்லை. மகள் போனில் சிரித்தாள். மறுநாள் சனிக்கிழமை, அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அப்படித்தான் எங்கள் பயணம் சனி, ஞாயிறு என்று அமைந்தது. யோசித்துப் பார்த்தால் அதுவே சரியான நாள்.

என் முதல் பத்தியில் நான்கு வரிகள். அரண்மனை, பழைய நகர மன்றம் இரண்டையும் வழிகாட்டியோடு மட்டுமே பார்க்க முடியும், ஆங்கிலச் சுற்று சில வேளைகளில்தான். இரண்டையும் சனிக்கிழமைக்கு முன்பதிவு செய்தோம். மூன்றாவது, சனிக்கிழமை இரவு எட்டு மணி. அதற்குள் கடைகளை மூடிவிடுவார்கள், ஞாயிறு முழுவதும் திறக்க மாட்டார்கள். இது மதுரைக்காரனுக்கு மண்டையில் ஏறாது. இரவு பன்னிரண்டுக்குப் பரோட்டா தேடிப் போகும் ஊர் நம்முடையது. தயிரும் ரொட்டியும் பழமும் ஏழரை மணிக்கே வாங்கி அறையில் வைத்துக்கொண்டோம். தப்பினால் ரயில் நிலையக் கடைதான் கதி. நான்காவது, ஞாயிறு காலை பத்து மணிப் பூசையில் பேராலயத்துச் சிறுவர் பாடகர் குழு பாடுவது. பள்ளி விடுமுறைக் காலத்தில் அவர்கள் பாடுவதில்லை. ஆகஸ்டில் போகிறவர்கள் கவனிக்க.

நகர மன்றத்தைத் தவற விடாதீர்கள். 1663 முதல் 1806 வரை புனித ரோமப் பேரரசின் நிரந்தர மன்றம் கூடிய இடம். முடிவெடுக்க மனமில்லாத விவகாரங்களை நீளமான பெஞ்சுக்குத் தள்ளிவிடுவார்களாம். ஜெர்மன் மொழியில் தள்ளிப்போடுவதற்கு இன்றும் ‘நீள பெஞ்சில் தள்ளுவது’ என்றுதான் சொல்வழக்கு, அது இங்கே பிறந்தது என்று கதை சொல்கிறார்கள். நம் ஊரில் கிடப்பில் போடுவது. அரசு ஊழியனுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

இரண்டாவது பத்தி முழுவதும் நடை. பழைய நகரம் நம் மாசி வீதிகளுக்குள் அடங்கும் தூரம்தான். ரயில் நிலையத்திலிருந்து பேராலயத்துக்குக் கால் மணி நடை. தரையெல்லாம் கருங்கல் பாவியது, செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். பெட்டியை நிலையத்து லாக்கரில் வையுங்கள்.

பேராலயத்துக் கோபுரங்கள் 105 மீட்டர் உயரம். எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நீங்கள் உள்ளே போய்த் தூண்களைப் பாருங்கள். 1280 வாக்கில் செதுக்கிய ஒரு தேவதூதன். மரியாளுக்கு நற்செய்தி சொல்ல வந்தவன் கண்கள் இடுங்க, வாய் விரியச் சிரிக்கிறான். எதிர்த் தூணில் மரியாள். தந்தி கொண்டு போகும் ஊழியர் முகத்தைப் பார்த்தே செய்தி தெரிந்துகொள்ளும் காலம் ஒன்று இருந்ததே, அந்த முகம். அரை மணி நேரம் அங்கேயே நின்றேன்.

அதற்குப் பின்புறத் தெருவில், பிற்காலக் கட்டடச் சுவருக்குள் புதைந்து, பெரிய பெரிய கற்களாக ரோமானியக் கோட்டை வாசல் நிற்கிறது. கோட்டை கி.பி. 179-ல் எழுந்தது. வைகை கடலில் சேரும் இடத்துக்கருகே அழகன்குளத்தில் ரோமானியக் காசும் மதுச்சாடி ஓடும் எடுத்தார்களே, அதே பழைய ரோமானியப் பேரரசு. கோள்கள் சூரியனைச் சுற்றும் விதிகளைச் சொன்ன வானியலாளர் கெப்ளர் இறந்த வீடும் நடை தூரத்தில்தான். தனக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்டு வாங்க வந்த இடத்தில் காய்ச்சல் கண்டு 1630 நவம்பரில் போய்விட்டார். நிலுவைத் தொகைக்கு அலைந்தவர்கள் அந்த வாசலில் ஒரு நிமிடம் நிற்கலாம்.

மாலையைக் கல்பாலத்துக்கு ஒதுக்குங்கள். 1135-ல் தொடங்கி 1146-ல் முடித்தது. இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும். கீழே டான்யூப் சுழித்து ஓடுகிறது. பாலத்துக்கடியில் அத்தனை தண்ணீரைப் பார்த்ததும் எங்கள் இருவருக்குமே பேச்சு வரவில்லை. வைகைக்காரர்களுக்கு அது ஒரு காட்சிதான். பாலத்தடியில் பழைய தொத்திறைச்சிக் கடை ஒன்று, கரியில் சுட்டுத் தருகிறார்கள். பன்றி இறைச்சி என்பதால் நாங்கள் உப்புப் பிரெட்சல் ரொட்டியோடு நிறுத்திக்கொண்டோம். தண்ணீர் பாட்டிலை எறிந்துவிடாதீர்கள், கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் வரும்.

ஊருக்கு ஒரு அஞ்சலட்டை போடுவதாக இருந்தால் தபால்தலையைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். பெட்டி மஞ்சள் நிறம், சிவப்பைத் தேடாதீர்கள். பின்கோடைத் தெளிவாக எழுதி, இந்தியா என்பதைக் கடைசி வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பிரிப்பவர் முதலில் பார்ப்பது கடைசி வரியைத்தான்.