மாத்திரையைக் குறைக்க நினைப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

"இத்தனை மாத்திரை எனக்குத் தேவைதானா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. மருத்துவமும் தன்னைத்தானே அப்படிக் கேட்டுக்கொள்கிறது. கரேஜ் என்ற ஆய்வு 2007-இல் வெளிவந்தது. இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தும் நிலைமை சீராக இருந்த 2,287 பேரை அதில் சேர்த்தார்கள். எல்லோருக்கும் மருந்தும் வாழ்க்கைமுறை மாற்றமும். பாதிப் பேருக்கு மட்டும் கூடவே, ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் சிகிச்சை. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், மரணத்திலும் மாரடைப்பிலும் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை.

முதல் சறுக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. இதைப் படித்தவர் "ஸ்டென்ட் எல்லாம் ஏமாற்று" என்று முடிவுகட்டிவிடுகிறார். மாரடைப்பு வந்து துடிப்பவருக்கு அடைப்பைத் திறந்து வைக்கும் அதே ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றும். யாருக்கு, எந்த நிலையில் என்பதை விட்டுவிட்டால் எந்த ஆய்வையும் நமக்கு வேண்டியபடி வளைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பலரும் எதிர்பார்க்காத தவறு. மாத்திரையை நிறுத்துவது ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டை அடியோடு மாற்றிவிட்டு மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருப்பதும் ஆபத்துதான். என் சித்தப்பா சுகருக்கு கிளிமெபிரைடு எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நல்ல நாளில் இரவு உணவை விட்டுவிட்டார், மாத்திரையை விடவில்லை. பத்தாவது நாள் ராத்திரி இரண்டு மணிக்குச் சட்டை தொப்பலாக நனைந்து, கை நடுங்கி, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். குளுக்கோமீட்டர் 48 காட்டியது, சுகர் அவ்வளவு தாழ்ந்திருந்தது. சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துக் கால்மணி நேரத்தில் தெளிந்தார். அந்த வகை மாத்திரை, வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா என்று பார்க்காது. கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே கதைதான். பிரஷர் மாத்திரையிலும் இது உண்டு. எடை குறைந்து உப்பும் குறைந்தபிறகு பழைய டோஸே நீடித்தால், எழுந்து நிற்கும்போது கண் இருட்டும்.

சாப்பாட்டால் சுகரை மாற்ற முடியுமா என்றால், முடியும். பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வின் முடிவு 2017-இல் வந்தது. டைப் 2 சர்க்கரை நோய் கண்டுபிடித்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். சில மாதங்களுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கலோரிதான் உணவு. ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள் இருந்தது. இரண்டாம் ஆண்டில் அது 36 சதவீதமாக இறங்கியது. அதில் மாத்திரையை முதல் நாளே நிறுத்தினார்கள் என்பதைத்தான் பலர் பிடித்துக்கொள்கிறார்கள். கூடவே ஆள் வைத்துக் கண்காணித்ததையும், அளவு ஏறினால் மாத்திரையைத் திரும்பக் கொடுத்ததையும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு, எதுக்கு மாத்திரை?" என்பது இன்னொன்று. பிரஷர் ஏறுவது பெரும்பாலும் தெரியாது. தலைவலி வரும் என்று காத்திருப்பவர் ஏமாறுவார். தெரிந்தே நிறுத்தினாலும், சில மருந்துகளை ஒரே நாளில் விடக்கூடாது. இதயத் துடிப்பைத் தணிக்கும் மெட்டோபுரோலால் போன்ற பீட்டா பிளாக்கரைச் சட்டென்று விட்டால் இதயத் துடிப்பு எகிறும், நெஞ்சுவலி வரலாம். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவரின் உடம்பு, தான் இயல்பாகச் சுரக்கும் ஸ்டீராய்டையே குறைத்திருக்கும்; சட்டென்று விட்டால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. அமிலத்துக்கான ஒமிப்ரசோல் வகையில் வேறு வேடிக்கை: மாதக்கணக்கில் எடுத்துவிட்டு நிறுத்தினால் சில வாரங்களுக்கு அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரக்கும். "பார்த்தியா, மாத்திரை இல்லாம முடியல" என்று மறுபடி ஆரம்பித்து ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் ஏராளம். படிப்படியாகக் குறைத்தால் பலரால் இதிலிருந்து வெளியே வர முடியும். மாத்திரை தேவைதானா என்ற கேள்வியை நான் முதலில் கேட்கச் சொல்வது இந்த மாத்திரையைப் பற்றித்தான்.

இயற்கையானது கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கையும் அப்படித்தான். உப்பைக் குறைக்க வேண்டுமென்று கடையில் விற்கும் 'சோடியம் குறைந்த உப்பை' வாங்குகிறோம். அதில் சோடியத்தின் ஒரு பங்குக்குப் பதில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும். லோசார்டான், எனலாப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரைகள் ஏற்கெனவே பொட்டாசியத்தை உடம்பில் தேக்கிவைப்பவை. சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனமாக இருந்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் திடீரென்று தினமும் கீரையாகச் சாப்பிட ஆரம்பித்தால், கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தை முறித்துவிடும். கீரையை விட வேண்டியதில்லை. அளவு நாளுக்கு நாள் மாறாமல் இருந்தால் போதும்.

வாழ்க்கைமுறைக்கும் டோஸ் உண்டு என்பது பலருக்கு உறைப்பதில்லை. "நானும் நடக்கிறேன்" என்றால் எவ்வளவு? அமெரிக்காவில் சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த 3,234 பேரிடம் நடத்திய ஆய்வு 2002-இல் வெளியானது. உணவும் உடற்பயிற்சியும் நோய் வருவதை 58 சதவீதம் குறைத்தன, மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை 31 சதவீதம். மாத்திரையை மிஞ்சிய அந்தக் குழுவுக்கு வைத்த இலக்கு: வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி, உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பு. 80 கிலோ இருப்பவருக்கு அது ஐந்தரை கிலோவுக்குச் சற்று மேல். இதில் பாதியைச் செய்துவிட்டு முழுப் பலனை எதிர்பார்ப்பது அரை மாத்திரை போடுவதைப் போன்றது.

சதவீதத்தைக் கேட்டு மயங்குவது இரண்டு பக்கமும் நடக்கிறது. நூறு பேரில் பத்துப் பேருக்கு வரவிருந்த மாரடைப்பு ஏழு பேருக்குக் குறைந்தால் "30 சதவீதம் குறைந்தது" என்பதும் உண்மை, "நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் பலன்" என்பதும் உண்மை. "என்னைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்கு?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

டைப் 1 சர்க்கரை நோய்க்கு இன்சுலின், காசநோய்க்கு முழுக் கோர்ஸ் மருந்து. இவற்றுக்குப் பதிலாகச் சாப்பாட்டை வைத்துப் பார்க்கவே கூடாது.

கடைசியாக, அளக்காமல் பேசுவது. சட்டைக் கைமேலேயே பட்டையைச் சுற்றி, காலைத் தொங்கவிட்டு, பேசிக்கொண்டே பார்த்த பிரஷரை வைத்து மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பதிய, கை இதய மட்டத்தில் இருக்க அளக்க வேண்டும். சித்தப்பா அந்த ராத்திரிக்குப் பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டில் வெறும் வயிற்றுச் சுகர், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, காலைப் பிரஷர், எடை என்று நான்கு கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தார். மூன்று மாதம் கழித்து, சில மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டோடு அதைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தார். முன்பெல்லாம் "சாப்பாட்டுலயே சரி பண்ணிடறேன் டாக்டர்" என்று அவர் சொன்னபோது நிமிர்ந்துகூடப் பார்க்காத மருத்துவர், நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு மருந்துச் சீட்டிலிருந்து கிளிமெபிரைடை அடித்துவிட்டார். பிரஷர் மாத்திரை அப்படியே தொடர்கிறது.