குறட்டைக்கு வாய்க்கருவி: அளவெடுப்பது முதல் திருகுவது வரை

ஒருவர் இரவெல்லாம் படுத்தும் காலைப் பெரட்டில் (தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில்) கண் சொருகி நிற்கிறார். வீட்டில் கேட்டால், "நடுராத்திரி மூச்சே நின்னுடுது, அப்புறம் திணறிக்கிட்டு இழுக்கிறாரு" என்கிறார்கள். தூக்கத்தில் தொண்டை மூடி, மூச்சு 10 வினாடியோ அதற்கு மேலோ திரும்பத் திரும்ப நின்றால் அது ஸ்லீப் ஏப்னியா. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஓட்டுபவருக்கு இது உயிர் போகிற விஷயம்.

தூங்கும்போது தாடைத் தசை தளர்ந்து, நாக்கின் அடிப்பகுதி தொண்டைப் பக்கம் சரிகிறது. வாய்க்கருவி மேல் பல்வரிசையைப் பிடித்துக்கொண்டு, கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே நிறுத்தும். தாடையோடு நாக்கும் முன்னே வர, மூச்சுக்கு வழி கிடைக்கும்.

கருவிக்குப் பணம் கட்டுவதற்கு முன் தூக்கப் பரிசோதனை செய்தாக வேண்டும். சுங்கை சிப்புட்டில் இருப்பவர் கவர்மெண்ட் கிளினிக்கில் அறிகுறிகளைச் சொல்லி, ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கேட்கலாம். மூச்சு நிற்கும் விவரத்தை உடன் படுப்பவரே நேரில் சொன்னால் நல்லது. பரிசோதனை முடிவில் ஓர் எண் வரும்: மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பது. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமை. முதல் இரண்டுக்கும் வாய்க்கருவி ஏற்றது. கடுமையானவருக்கு, காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும் காற்றழுத்த முகமூடிதான் முதல் வழி; அதைப் பொறுக்கவே முடியாதவருக்கு மட்டும் கருவியை யோசிக்கலாம். தொண்டை திறந்திருந்தும் மூளையிலிருந்து மூச்சுக்குக் கட்டளை வராத வகையும் உண்டு. அதற்குக் கருவி உதவாது.

அடுத்து பல். மேலும் கீழும் ஏறக்குறைய எட்டுப் பத்து உறுதியான பற்களாவது வேண்டும். முழுப் பல்செட் போட்டவருக்கு இந்தக் கருவி நிற்காது. ஈறு வீக்கமும் சொத்தையும் முதலில் சரியாக வேண்டும். வெற்றிலை பாக்கு பல காலம் போட்டவர்களில் சிலருக்குக் கன்னம் இறுகி வாய் முழுதாகத் திறக்காது. பல் அச்செடுக்கும் தட்டே உள்ளே போகாது. அப்படி இறுக்கம் இருந்தால், கருவி வேண்டாம் என்று விட்டுவிடாமல், அதையே தனியாகக் காட்டுங்கள். அது புற்றுநோய்க்கு முந்திய நிலையாக இருக்கலாம்.

பல் மருத்துவர் மாவு அச்சிலோ ஸ்கேனரிலோ பல்வரிசையை எடுப்பார். அதைவிட முக்கியம் தாடையின் ஓட்டம். கீழ்த்தாடையை முழுதும் பின்னே இழுத்து, பிறகு முடிந்தவரை முன்னே தள்ளச் சொல்லி, கோடு போட்ட அளவுகோலைக் கடிக்க வைப்பார். மொத்த ஓட்டம் 10 மில்லிமீட்டர் என்றால், பாதியான 5-இல் தொடங்குவது வழக்கம். வெந்நீரில் போட்டுக் கடித்துப் பதிக்கும் மலிவுக் கருவியில் இந்த அளவு சரியாக அமையாது, இரவில் கழன்றும் விழும். எங்கள் கருத்தில் அது காசுக்குக் கேடு.

கீழ்த்தாடையை இன்னும் கொஞ்சம் முன்னே தள்ள, கருவியின் இரண்டு பக்கமும் சிறு திருகாணி இருக்கும். முதல் வாரம் அதைத் திருகவே வேண்டாம். எச்சில் ஊறும், பல் இறுகும், வாய் பழகட்டும். பிறகு மருத்துவர் சொன்ன கணக்கில் திருகுங்கள். பல கருவிகளில் ஒரு திருகு கால் மில்லிமீட்டர்தான். திருகாணித் துளையில் அதற்கான சிறு சாவியை நுழைத்து, அம்புக்குறிப் பக்கம் கடைசிவரை தள்ளி, பின்னுக்கு இழுக்காமல் உருவ வேண்டும். பின்னே இழுத்தால் செய்த திருகும் திரும்பிவிடும். இடம் ஒன்று, வலம் ஒன்று. ஒரு பக்கம் மட்டும் திருகினால் தாடை கோணும், காதருகே வலிக்கும். திருகிய நாளைச் சுவர்க் காலண்டரில் குறித்து வையுங்கள். காலையில் வரும் தாடை வலி மதியம் வரை போகாவிட்டால் ஒரு திருகு பின்னே போங்கள். சீக்கிரம் குணமாக வேண்டும் என்று ஒரே வாரத்தில் முழுதும் திருகுபவர்தான் வலி தாங்காமல் கருவியை அலமாரியில் போட்டுவிடுகிறார்.

குறட்டைச் சத்தம் அடங்கிவிட்டது, பகல் தூக்கமும் குறைந்தது என்றால் அங்கேயே நிறுத்தி, கருவியைப் போட்டுக்கொண்டே மறுபடி பரிசோதனை செய்யுங்கள். தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். சத்தம் இல்லாமலும் மூச்சு நிற்கும்.

காலையில் கழற்றியதும் முன்பல் முட்டும், கடைவாய்ப்பல் சேராது. கோப்பிக்குத் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில், மருத்துவர் கொடுத்த கடிகட்டையைப் பத்துப் பதினைந்து நிமிடம் கடித்துப் பிடியுங்கள். தாடை பழைய இடத்துக்குத் திரும்பும். நாளுக்கு நாள் சேருவது தாமதமானால் பல் நகர்கிறது என்று அர்த்தம், உடனே காட்டுங்கள். இப்படி மேல், கீழ்ப் பற்கள் சேரும் விதம் மாறிவிட்டால் அது தானாகத் திரும்பாது.

கழுவுவதற்குப் பச்சைத்தண்ணீர், மென்மையான பிரஷ், கொஞ்சம் சோப்பு போதும். பற்பசை கீறிவிடும், வெந்நீர் உருவத்தையே வளைத்துவிடும். வெயிலில் நிற்கும் லோரி டேஷ்போர்டிலும் அதே கதிதான். காயவைத்து, காற்றுப் போகும் டப்பாவில் உயரமான இடத்தில் வையுங்கள். எச்சில் வாடைக்கு நாய் கவ்விக்கொண்டு போய்க் கடித்துவிடும்.

முதல் வருடம் ஆறு மாதத்துக்கொரு முறை, பிறகு வருடத்துக்கொரு முறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள். உடல் எடை கூடினால் பரிசோதனையும் மறுபடி தேவைப்படலாம். பல் அடைக்கவோ உறை போடவோ போகும்போது கருவியையும் கையோடு எடுத்துப் போங்கள். பல்லின் வடிவம் கொஞ்சம் மாறினாலும் அன்றிரவு அது உட்காராது.