நன்கொடையாளர் பட்டியலை வைத்து எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்சிகளுக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியலைப் புரட்டிச் செய்தி எழுதப் பழகும் இளைஞர்கள் ஈரோட்டிலும் திருப்பூரிலும் பெருகியிருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அவர்களுடைய பிரதிகளைத் திருத்தும்போது பழைய தவறுகளே திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. கூட்டல் பிழை, எழுத்துப் பிழைகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

முகவரியோடு அப்படியே போடுவது

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29சி பிரிவுப்படி, ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் விவரத்தைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் தர வேண்டும். பெயர், முழு முகவரி, பான் எண், தொகை எல்லாம் அந்தப் படிவத்தில் இருக்கும். "பொதுவில் கிடப்பதுதானே, போட்டால் என்ன?" என்கிறார்கள். இதைக் கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நடுவே கிடக்கும் ஒரு வரியை உருவி, ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது முற்றிலும் வேறு காரியம்.

சோமனூர்ப் பக்கம் கூலிக்கு நெய்யும் விசைத்தறிக்காரர் ஒருவர், உறவுக்காரர் கேட்டார் என்று 25,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார். அந்தப் பக்கத்தை யாரோ படம்பிடித்துப் பரப்பினார்கள். மறுநாளே வேறு கட்சிக்காரர்கள், "எங்களுக்கு எவ்வளவு?" என்று தோட்டத்து வாசலில் வந்து நின்றார்கள். நெய்வதற்குப் பாவு நூல் கொடுத்துவந்தவர் எதிர்க்கட்சி அபிமானி. அடுத்த பாவு வரவில்லை. தறி நின்றுபோனது.

நம் கொங்குப் பக்கத்தில் முகவரி என்றால் பெரும்பாலும் தோட்டத்தின் பெயர். அதை அச்சிட்டால் ஒரே ஒரு வீட்டுக்கு வழிகாட்டியதாகும். அந்த வீடும் விவசாயக் காட்டுக்கு நடுவே தனியாக இருக்கும். 2024இல் பல்லடம் அருகிலும் 2025இல் சிவகிரி அருகிலும் தோட்டத்து வீடுகளில் இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அவற்றுக்கும் நன்கொடைக்கும் தொடர்பில்லை. ஆனால் வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டின் அடையாளத்தைப் பணத்தொகையோடு சேர்த்து வெளியிடுபவருக்கு அந்தச் செய்திகள் நினைவில் இருந்தாக வேண்டும்.

முகவரி இல்லாவிட்டால் செய்திக்குப் பலமில்லை என்பதும் பொய். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம், பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்தது. மார்ச்சில் விவரங்கள் வெளியானபோது, பத்திரம் வாங்கியவர்களின் கேஒய்சி எனப்படும் அடையாள விவரங்களை ஸ்டேட் வங்கி வெளியிடவில்லை. கோவையை முகவரியாகக் கொண்ட பியூச்சர் கேமிங் நிறுவனம் 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியதை நாடே அறிய, பெயரும் தொகையும் போதுமானதாக இருந்தன. அதே தீர்ப்பில் நீதிமன்றம், நன்கொடை ஒருவரின் அரசியல் சார்பைக் காட்டுவதால் அந்தரங்க உரிமை அதற்கும் உண்டு என்றது.

பெயர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்று என்று நினைப்பது

பழனிசாமி, சுப்பிரமணியம் என்ற பெயரில் ஒரு தெருவிலேயே நான்கு பேர் இருப்பார்கள். நேரில் கேட்டு உறுதிசெய்யாமல் எழுதாதீர்கள்.

ஊரை வைத்துச் சாதியைக் கணிப்பது

கூடவே கூடாது.

பான் எண், கைபேசி எண்

கறுப்பு மையால் மறையுங்கள்.

பயந்துபோய்ப் பெரிய நன்கொடையாளர்களையும் மறைப்பது

இதுவும் தவறுதான். அரசு ஒப்பந்தம் எடுக்கும் நிறுவனமும் 25,000 ரூபாய் கொடுத்த தறிக்காரரும் ஒன்றல்ல. நிறுவனத்தின் பெயர், இயக்குநர்கள், தொகை, கொடுத்த தேதி, அதற்கு முன்னும் பின்னும் கிடைத்த டெண்டர் ஆகியவற்றில் ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். அச்சுக்குப் போகுமுன் அவர்களிடம் விளக்கமும் கேளுங்கள்.