நாடி இல்லை என்பது மட்டும் மரணம் ஆகாது: பிரிட்டனின் ஆம்புலன்ஸ் நடைமுறை

பிரிட்டனில், நினைவிழந்து கிடப்பவர் இறந்துவிட்டார் என்பதை மருத்துவர் வராமலேயே பாராமெடிக் (ஆம்புலன்ஸில் வரும் பயிற்சிபெற்ற அவசர மருத்துவப் பணியாளர்) உறுதிசெய்யலாம்; இறப்பின் காரணத்தைத் தீர்மானிப்பதுதான் மருத்துவரையோ மரண விசாரணை அதிகாரியையோ சேர்ந்தது. நாடி தட்டுப்படவில்லை என்பது சிபிஆரை, அதாவது மார்பை அழுத்தியும் மூச்சு கொடுத்தும் செய்யும் உயிர்மீட்பு முயற்சியை, தொடங்குவதற்கான காரணமே தவிர, மரணத்துக்குச் சான்று அன்று.

முதலில், உயிர் மீளவே முடியாத அடையாளங்கள் உள்ளனவா என்று பாருங்கள். தலை துண்டிக்கப்பட்டிருத்தல், உடல் முழுவதும் கருகியிருத்தல், அழுகல் ஆகியவற்றில் ஐயத்துக்கு இடமில்லை. தாடையிலும் கைகால் மூட்டுகளிலும் விறைப்பு ஏறியிருப்பதும், உடலின் தாழ்ந்த பகுதிகளில் இரத்தம் தேங்கி ஊதாக் கறையாகப் படிந்திருப்பதும் அவ்வாறே கொள்ளத்தக்கவை. ஆனால் கடுங்குளிரில் கிடந்த உடலும் விறைத்துத்தான் இருக்கும் என்பதால், அங்கே விறைப்பை மட்டும் நம்பக் கூடாது. 1999-இல் நார்வேயில் பனிக்கட்டிக்கு அடியில் சிக்கி, உடல்வெப்பம் 13.7 டிகிரி செல்சியஸுக்கு இறங்கி, இதயம் நின்றுபோன ஒரு பெண் மருத்துவர் பிழைத்து எழுந்தார்.

இத்தகைய அடையாளங்கள் இல்லையென்றால், சிகிச்சை வேண்டாம் என்று நோயாளி சார்பில் முறைப்படி பதிவாகியிருந்தாலன்றி, சிபிஆரைத் தொடங்க வேண்டும். சரிசெய்யக்கூடிய காரணம் எதுவும் இல்லாமல், மருந்து உள்ளிட்ட உயர்நிலைச் சிகிச்சைக்குப் பிறகும் இதயத்தின் மின்துடிப்பைக் காட்டும் ஈசிஜியில் 20 நிமிடம் துடிப்பே இல்லாத நேர்கோடே நீடித்தால், நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம். நீரில் மூழ்கியவர், குளிரில் உறைந்தவர், நஞ்சோ அளவுமீறிய மருந்தோ உட்கொண்டவர், கர்ப்பிணி ஆகியோருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும்வரை முயற்சி தொடர வேண்டும். நேர்கோட்டைக் கண்டதும், உடலில் ஒட்டிய ஈசிஜி மின்வாய்கள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா, ஒயர் கழன்றிருக்கிறதா என்றும் சரிபாருங்கள்.

நிறுத்திய பின் குறைந்தது 5 நிமிடம் வேறெதுவும் செய்யாமல் கவனிக்க வேண்டும். உறவினர் சூழ்ந்து நிற்கும் அறையில் இது மிக நீண்ட நேரமாகத் தோன்றும், ஆனாலும் குறைக்கலாகாது. கழுத்து நாடியைத் தொட்டும், ஸ்டெதஸ்கோப்பால் இதய ஒலியையும் மூச்சொலியையும் கேட்டும் பாருங்கள். இடையில் ஒரு திணறல் மூச்சு வந்தாலும், அது ஓய்ந்த பிறகு மறுபடியும் முதலிலிருந்து 5 நிமிடம் எண்ண வேண்டும். அதன்பின் கண்ணில் ஒளி பாய்ச்சினால் கண்மணி சுருங்குகிறதா, கருவிழியைத் தொட்டால் இமை அசைகிறதா, புருவ எலும்பின் கீழ் அழுத்தினால் உடலில் அசைவு தெரிகிறதா என்று சோதியுங்கள்.

எதற்கும் எதிர்வினை இல்லையென்றால், அந்த நேரத்தையே இறப்பு உறுதியான நேரமாகக் குறிக்க வேண்டும். இதயம் நின்றதாக ஊகிக்கப்படும் நேரத்தை அன்று. மரண விசாரணைக்கு வாய்ப்பிருந்தால், பொருத்திய குழாய்களையும் ஊசிகளையும் அகற்றாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.