டபிள்யூஎல்டி கேபிள் மேப்: டிராயிங்கை நம்பாதீர்கள்

சர்வர் ரூமில் தண்ணீர் கசிந்தால், டபிள்யூஎல்டி (வாட்டர் லீக் டிடெக்‌ஷன், அதாவது நீர்க்கசிவைக் கண்டறியும்) கேபிளோடு இணைந்த அலாரம் பேனல் ‘37 மீட்டர்’ என்று காட்டும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். கேபிளில் உள்ள இரண்டு சென்சிங் ஒயர்களைத் தண்ணீர் இணைத்ததும், அதுவரையிலான மின்தடையை அளந்து தூரமாகச் சொல்கிறது. அந்த 37 மீட்டர் எந்த டைலுக்கு அடியில் வருகிறது என்பதைச் சொல்ல வேண்டியது மேப். பெரும்பாலான சைட்டுகளில் கோட்டை விடுவது அங்கேதான்.

ஆபீஸில் உட்கார்ந்து ஆட்டோகேடில் கோட்டை அளந்து மேப் போடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். டிராயிங்கில் கேபிள் நேர்க்கோடு. ரெய்ஸ்டு ஃப்ளோருக்கு (உயர்த்திப் போட்ட டைல் தளம்) அடியில் அது பெடஸ்டலை (டைலைத் தாங்கும் கால்) சுற்றும், கேபிள் ட்ரேவுக்கு ஒதுங்கும். இந்தக் கேபிள் குறிப்பிட்ட நீளங்களில் கனெக்டரோடு வருவதால் வெட்ட முடியாது. மிச்சத்தை ஏதாவது ஒரு மூலையில் வளைத்து வளைத்துப் போட்டிருப்பார்கள். அங்கே 3 மீட்டர் கூடினால், அதற்குப் பிறகு வருவதெல்லாம் 3 மீட்டர் தள்ளிப் போகும். 600 மில்லிமீட்டர் டைல் கணக்கில் ஐந்து டைல்! ஆள் தப்பான இடத்தில் டைலைத் தூக்கிப் பார்த்துவிட்டு ‘ஃபால்ஸ் அலாரம்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

கேபிள் போட்டு முடிந்ததும் தண்ணீர் வைத்துத்தான் மேப் எடுக்க வேண்டும். ஒருவர் பேனல் அருகே, இன்னொருவர் ஈரத்துணியோடு தரையில். துணியைக் கேபிள்மேல் வைத்து, அலாரம் வந்ததும் ரீடிங்கை அந்த டைலுக்கு நேராகக் குறித்துக்கொள்ளுங்கள். வளைவு, ஜாயின்ட், ஒவ்வொரு பிஏசி (சர்வர் ரூம் ஏசி) யூனிட்டின் முன்பக்கம் எல்லாம் கட்டாயம். நேராக ஓடும் இடத்தில் சில மீட்டருக்கு ஒன்று போதும். அடுத்த இடத்துக்குப் போகும் முன் துடைத்துக் காயவிட்டு, பேனல் நார்மலுக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். இரண்டு இடம் ஒரே நேரத்தில் ஈரமாக இருந்தால் வரும் எண்ணை நம்ப முடியாது.

சாதாரணக் குழாய்த் தண்ணீரே நல்லது. டிஸ்டில்டு வாட்டர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ‘சீக்கிரம் அடிக்கட்டும்’ என்று உப்பைக் கலக்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. காய்ந்தபின் உப்பு கேபிளிலேயே தங்கி, பிறகு சும்மாவே அலாரம் அடிக்கும்.

அப்புறம் லீடர் கேபிள். பேனலிலிருந்து முதல் சென்சிங் கேபிள் வரை வரும் இந்தத் துண்டு தண்ணீரை உணராது. இதன் நீளம் ரீடிங்கில் சேருமா என்பது சிஸ்டத்துக்கு சிஸ்டம் மாறும். பூஜ்யம் எங்கே தொடங்குகிறது என்று மேனுவலில் பார்த்து மேப்பிலேயே எழுதிவிடுங்கள். பின்னாளில் நடுவில் ஒரு துண்டு சேர்த்தால், அதற்கப்பால் உள்ள எல்லா எண்ணும் மாறும். பழைய மேப்பைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எடுப்பதுதான் சரி.

அடையாளமாக ரேக் பெயரைப் போடாதீர்கள், ரேக் நகரும். தூண் எண்ணும் டைல் எண்ணும் நகராது. நள்ளிரவில் இதைப் பார்க்கப்போவது செக்யூரிட்டி. பேனலுக்கு முன் நிற்பவருக்கு எது இடது, எது வலது என்று புரியும்படி வரைந்து, லேமினேட் செய்து பேனல் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

ரீடிங் காட்டுவது தண்ணீர் கேபிளைத் தொட்ட இடத்தைத்தான், கசியும் இடத்தை அல்ல. தரைச் சரிவில் தண்ணீர் எங்கிருந்தோ ஓடி வந்திருக்கும். அதனால் பைப் போகும் வழி, சரிவு எந்தப் பக்கம், எந்த வால்வை அடைக்க வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.